சேவல் கொடுக்காத மடம்

ஆற்றங்கரை மடத்தில் காலைப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

கேட்பவர் தாணுலிங்கம். கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தலை முழுதும் நரைத்தவர். சொல்பவர் உலகம்மை. அவரைவிட இருபது வயது இளையவர், மடத்தின் தலைவி. குரு சீடனை "அண்ணாச்சி" என்பார். சீடன் குருவை "அம்மா" என்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாரை வணங்குவது என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று இருவரையும் கும்பிட்டுவைப்பார்கள்.

"அம்மா, தீமை எங்கிருந்து தோன்றுகிறது? உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?" என்று தாணுலிங்கம் கேட்டார். அவர் காப்பி கேட்பதும் இதே நடையில்தான்.

உலகம்மை வாயைத் திறப்பதற்குள் கொல்லைப்புறத்தில் ஏதோ தும்மியது.

"தும்மினது யாரு?"

"கோழியாக இருக்கலாம். நான் கேட்டது என்னவென்றால்..."

"கோழி தும்முமா?"

தாணுலிங்கம் யோசித்தார். கோழி தும்மும் என்று அவர் எந்த நூலிலும் படித்ததில்லை. தும்மாது என்றும் படித்ததில்லை.

மறுபடியும் தும்மல் கேட்டது.

"தும்மும்," என்றார்.

"எது தும்முதுன்னு போய்ப் பாத்துட்டு வாங்க. உங்க கேள்வி எங்கயும் ஓடிராது."

மடத்தில் கோழி எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. ஊர் எல்லைச் சாமிக்குக் கொடைத் திருவிழா நடக்கும்போது பலர் கோழி அறுப்பார்கள். அறுக்க மனம் வராதவர்கள் உயிரோடு நேர்ந்து விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட கோழியை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, தின்னக் கூடாது. கோயிலில் அவற்றுக்குத் தீனி கிடையாது. பக்கத்து மடத்தில் உண்டு. இதைக் கண்டுபிடிக்கக் கோழிகளுக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது.

நாளடைவில் மக்கள் கோயிலை விட்டுவிட்டு நேராக மடத்துக்கே கோழியைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வளர்க்க ஆசைப்பட்டு யாராவது வந்து கேட்டால் மடம் கொடுத்தும் அனுப்பும். கொண்டுவந்தால் வேண்டாம் என்பதில்லை. கேட்டு வந்தால் இல்லை என்பதில்லை. மடத்தின் பெயரே அதில்தான் இருந்தது.

தாணுலிங்கம் வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

"மூன்று வகை இருக்கின்றன, அம்மா. தும்முகிறவை, தும்மாதவை, தும்முமோ என்று நான் ஐயுறுகிறவை."

"முதல்ல தும்ம ஆரம்பிச்சது எது?"

"செஞ்சேவல் என்று நினைக்கிறேன். அதன் முகம் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. ஒரு கண்ணில் நுரை. மூக்கிலிருந்து ஒழுகுகிறது. அருகில் போனால் ஒரு நாற்றம். நாற்றத்துக்கு உவமை யோசித்தேன், கிடைக்கவில்லை."

செஞ்சேவல் புதிதாக வந்தது. லாரி வைத்திருக்கும் ஒருவரின் மனைவி நேர்ந்து விட்டது.

"புதுசா வந்ததைப் புளியமரத்தடியில ஒரு மாசம் தனியா கட்டிப்போடணும்னு சொல்லியிருக்கேனே?"

தாணுலிங்கம் புளியமரத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி?"

"கட்டித்தான் போட்டேன். நீங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அவிழ்த்துவிட்டேன்."

"ஏன்?"

"வந்த விருந்தினரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது நம் மடத்துக்கு முறையா என்று தோன்றியது. அது கூவும்போது மற்றவை எட்டி எட்டிப் பார்த்தன. நட்பு என்று கொண்டேன்."

"எல்லாருக்கும் அறிமுகம் செஞ்சுவச்சிட்டிய."

"ஆம்."

"தும்மலும் அறிமுகமாயிட்டு. டாக்டருக்குப் போன் போடுங்க."

கால்நடை மருத்துவர் ஜெபராணி வந்தார். கொல்லை வாசலிலேயே நின்று, செருப்போடு காலுக்கொரு பிளாஸ்டிக் பையை மாட்டிக் கணுக்காலில் கட்டிக்கொண்டார்.

"இது உள்ளேயிருப்பது தங்களுக்கு ஒட்டாமலிருக்கவா, தாங்கள் கொண்டுவருவது உள்ளே ஒட்டாமலிருக்கவா?" என்று தாணுலிங்கம் கேட்டார்.

"ரெண்டுக்கும் சார். காலையில இன்னொரு பண்ணையில இருந்துதான் வரேன்."

செஞ்சேவலைத் தூக்கிக் கண்ணை விரித்துப் பார்த்தார். மூக்கை அமுக்கினார். காதருகே வைத்து மூச்சைக் கேட்டார். தாணுலிங்கமும் காதைக் கொடுத்துக் கேட்டார். உள்ளே ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு சத்தம் இருந்தது.

"பாத்தா வெள்ளைக் கழிச்சல் மாதிரி இல்ல. பறவைக் காய்ச்சல் மாதிரியும் தெரியல. இருந்தாலும் மூக்கிலயும் தொண்டையிலயும் மாதிரி எடுத்து அனுப்பிருதேன். என் கணக்குக்கு இது கொரைசா. கோழிச் சளி. தண்ணியில கலக்க மருந்து எழுதுதேன்."

"மனிதருக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது. கோழிக்குக் கோழி ஒட்டும், ரொம்ப வேகமா. சீக்கானதைப் பிரிச்சு அந்தக் கடைசிக்குக் கொண்டுபோங்க, காத்து இங்கிட்டிருந்து அங்கிட்டு அடிக்கிற பக்கமா. தண்ணிச் சட்டி தனி, தீனித் தட்டு தனி. அடைச்சு நெருக்காம காத்தோட்டமா விடுங்க. நல்லா இருக்கிறதை முதல்ல கவனிச்சுட்டு, சீக்கானதைக் கடைசியில பாக்கணும். பாத்துட்டுக் கை கால் கழுவி, வேட்டி மாத்தணும். இங்கிருந்து ஒரு கோழி வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து ஒண்ணு உள்ளே வரக் கூடாது."

தாணுலிங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டல் உடன்பாட்டின் அடையாளம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டு போனார். நாற்பது வருடம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவருக்கு, தலையாட்டல் எதற்கும் அடையாளமில்லை என்பது தெரியும்.

மறுநாள் மாலை மருந்துத் தண்ணீரோடு ஒரு சட்டி சாம்பிராணியும் நோய்க்கூண்டுக்குப் போனது. கூண்டே தெரியாத அளவுக்குப் புகை. உள்ளிருந்து கோழிகள் இருமுகிற சத்தம் மடத்து முன்வாசல் வரை கேட்டது.

உலகம்மை வந்து பார்த்தார்.

"இது என்னது?"

"காற்றைத் தூய்மை செய்கிறேன்."

"அண்ணாச்சி, உங்களுக்கு மூச்சு முட்டினா நான் போர்வையைப் போத்தி அடுப்புப் பக்கத்துல உக்கார வைக்கவா?"

தாணுலிங்கம் சட்டியை எடுத்துக்கொண்டுபோய் ஆற்று மணலில் கவிழ்த்தார்.

சாம்பிராணியை விட்டார். ஆனால் ஒன்றை விடவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் நோய்க்கூண்டுக்குத்தான் போனார். துன்பப்படுகிறவரை விட்டுவிட்டுச் சுகமாக இருப்பவரை முதலில் கவனிப்பது எந்த அறத்தில் சேரும் என்று அவருக்கு விளங்கவில்லை. டாக்டர் வாய் தவறி வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டார் என்றே முடிவு செய்திருந்தார். வீங்கிய முகங்களை வெந்நீர்த் துணியால் துடைத்தார். கண்ணில் ஒட்டியதை விரலால் எடுத்தார். ஒவ்வொன்றையும் மடியில் வைத்து இரண்டு வார்த்தை பேசினார். பிறகு நல்ல கோழிகளுக்குத் தீனி போட்டார். பிறகு சந்தின் மறுபுறமிருந்த எதிர்வீட்டுக்குக் காப்பிக்குப் போனார்.

எதிர்வீடு செல்லக்கனியுடையது. மடத்தில் சுக்குத் தண்ணீர்தான்; காப்பி கிடையாது. செல்லக்கனி வீட்டு முற்றம் நிறையக் கோழியும் குஞ்சும். முட்டையும் குஞ்சும் விற்றுத்தான் அவள் பிழைப்பு ஓடியது. வேறு நிலமில்லை, வேறு வருமானமில்லை, ஆள்துணையுமில்லை.

"வாங்க சாமி. உங்க கோழிக்கு என்னமோ சீக்காமே?"

"சளி. நான்தான் உடனிருந்து கவனிக்கிறேன்."

"உங்களுக்கு ஒட்டிராதே?"

"மனிதருக்கு ஒட்டாது என்று மருத்துவர் உறுதி கூறினார்."

"ரேடியோவுல செய்தி கேட்ட மாதிரி இருக்கு. அப்ப பயமில்ல. இந்தாங்க, காப்பி."

கோழி அடைக்கக் கவிழ்த்துப் போட்ட பஞ்சாரக் கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காப்பி குடித்தார். குஞ்சுகள் வந்து அவர் கால்விரல் இடுக்கில் கொத்தின. கூசியது. ஆனாலும் அவர் காலை நகர்த்தவில்லை. சிற்றுயிரை ஏமாற்றக் கூடாது.

மடத்தில் நோய்க்கூண்டு நாளுக்கு நாள் நிறைந்துகொண்டே வந்தது. நல்லவை பக்கத்தில் தினமும் ஒன்றோ இரண்டோ தும்ம ஆரம்பித்தன. ஒரு சாம்பல் நிறப் பெட்டை தீனி எடுக்காமல் கிடந்து செத்தது. தாணுலிங்கம் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். கையைக் கழுவாமலே குருவிடம் வந்து நின்றார்.

"எனக்கு ஒன்று புரியவில்லை, அம்மா. கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே கொல்லையின் முழு நீளம் இருக்கிறது. தண்ணீர் தனி, தட்டு தனி. காற்றும் எதிர்ப்பக்கம் அடிக்கிறது. இவ்வளவு தூரத்தைக் கடக்க வேண்டுமானால் கால் வேண்டும். நோய்க்கு ஏது கால்?"

உலகம்மை அவர் கையைப் பார்த்தார்.

"எனக்கும் தெரிஞ்சுக்கிடணும்னுதான் இருக்கு. நாளைக்கு மஞ்சப்பொடி தடவிப் பாப்போம்."

மஞ்சள் கிருமிக்கு ஆகாது என்று தாணுலிங்கம் கேள்விப்பட்டிருந்தார். நல்ல யோசனை என்றார்.

விடியும்போதே உலகம்மை நோய்க்கூண்டுக்குள் போய்விட்டார். கோழிகளின் கழுத்திலும் இறக்கையிலும் மஞ்சள்பொடியை அப்பினார். தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில் பூசினார். கூண்டுக் கதவிலும் கொஞ்சம். செஞ்சேவல் கல்யாண மாப்பிள்ளைபோல் நின்றது. பிறகு கை கழுவி வேறு சேலை உடுத்திக்கொண்டு, தன் வேலையைப் பார்க்கப் போனார்.

தாணுலிங்கம் வழக்கம்போல எல்லாம் செய்தார்.

உச்சிப்பொழுதில் உலகம்மை அவரைக் கூப்பிட்டார்.

"வாங்க அண்ணாச்சி, மஞ்சளைத் தேடுவோம்."

"மஞ்சள் கூண்டில்தானே இருக்கிறது?"

"அங்கதான் இருக்கணும்."

நல்ல கோழிகளின் தண்ணீர்ச் சட்டி விளிம்பில் மஞ்சளாக நான்கு விரல் பதிந்திருந்தது. தீனி வாளியின் காதில் மஞ்சள். காலையில் அவர் ஆசையோடு தடவிக்கொடுத்த வெள்ளைப் பெட்டையின் முதுகில், யாரோ பூச வந்து பாதியில் விட்டதுபோல் மஞ்சள்.

தாணுலிங்கத்தின் முகத்தில் முதலில் வந்தது வெட்கம் அல்ல, ஆர்வம். பாதியில் விட்ட நிரூபணத்தின் மிச்சத்தைக் கண்டவர்போல் குருவை முந்திக்கொண்டு நடந்தார்.

"இதோ அம்மா, தாழ்ப்பாளில். இதோ, கிணற்றுக் கயிற்றில். என் புத்தகத்தைப் பார்க்கலாமா?"

பார்த்தார்கள். ஐயத்தைப் பற்றிய அத்தியாயத்தில் மூன்று பக்கம் மஞ்சளாகப் புரட்டப்பட்டிருந்தது.

"உங்க காதுலயும் இருக்கு," என்றார் உலகம்மை.

"தங்கள் சொம்பிலும் இருக்கிறது."

உலகம்மை சொம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆமா, காலையில நீங்கதான் எடுத்துக் குடுத்திய. எனக்கு ஞாபகமே இல்ல."

"வேறு எங்கே போனேன்? கூண்டு, கொல்லை, கிணறு, அறை..." என்று விரல் மடக்கிய தாணுலிங்கம் பாதியில் நின்றார்.

விரலை அப்படியே மடக்கி வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

சந்துக்கு அந்தப் பக்கம், செல்லக்கனி வீட்டுப் படல் கதவின் சங்கிலியில் மஞ்சள் தெரிந்தது. முற்றத்தில் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர் உட்கார்ந்த இடத்தில், மண்ணில் பொடி சிந்தியிருந்தது. ஒரு குஞ்சு அதைக் கிளறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அதன் அலகு நுனி மஞ்சளாக இருந்தது.

தாணுலிங்கம் சந்தின் நடுவில் நின்றார். குஞ்சை விரட்ட ஒரு காலை எடுத்து வைத்தார்.

"போகாதீங்க," என்றார் பின்னால் வந்த உலகம்மை.

அவர் காலைப் பின்னால் வைத்தார்.

உலகம்மை அங்கிருந்தே குரல் கொடுத்தார். "செல்லக்கனி! இங்க வா. கிட்ட வராத, அங்கயே நில்லு."

செல்லக்கனி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி உக்கார்ற இடத்துல திரியிற குஞ்சையெல்லாம் பிடிச்சுத் தனியா அடை. தண்ணியும் தனியா வை. அந்த இடத்துல சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்து. சங்கிலியைக் கழுவு."

"ஏம்மா, சாமி என்ன தீட்டா?"

"ஆமா. கொஞ்ச நாளைக்கு."

செல்லக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள். தாணுலிங்கம் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"என்ன சாமி, நெசமாவா?"

"நெசம்தான்," என்றார் தாணுலிங்கம். முதல் தடவையாக அவர் வாயில் பேச்சுத்தமிழ் வந்தது.

அன்று முதல் அவர் நல்ல கோழிகளிடம் முதலில் போனார். நோய்க்கூண்டுக்குக் கடைசியில் போனார். அதற்கென்று ஒரு பழைய வேட்டியை அந்தக் கூண்டுப் பக்கமே கொடியில் போட்டுவைத்தார். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்தார். காப்பியை விட்டார். காலையில் தலைவலி வந்தது, அதையும் பொறுத்துக்கொண்டார்.

ஒன்றைமட்டும் பொறுக்க முடியவில்லை. தினமும் விடியற்காலையில் சந்து ஓரமாக வந்து நின்று, எதிர்வீட்டுப் பக்கம் காதைச் சாய்த்து வைத்துக்கொள்வார். ஒரு பொருள் இல்லை என்பதை அறிவது எப்படி என்று தர்க்கத்தில் நீண்ட சண்டை உண்டு. குடம் இல்லாத தரையைப் பார்த்துக் குடமில்லை என்று அறியலாம் என்று ஒரு கட்சி. முடியாது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்து வீட்டுக் கோழிக்காகக் காது கொடுத்து நின்றவர்களில்லை.

ஒருநாள் தெளிவாக ஒரு தும்மல் கேட்டது.

தாணுலிங்கம் ஒரு விரலை மடக்கினார். அடுத்து இன்னொன்று. அதைத் தொடர்ந்து, "இந்த மொளகாய வறுத்து எவன் தின்னப் போறான்!" என்று செல்லக்கனியின் குரல் கேட்டது. மூன்றாவதாகவும் அவளே தும்மினாள்.

அவர் அப்படியே சந்தில் உட்கார்ந்துவிட்டார்.

அடைத்துவைத்த குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்லக்கனி அவற்றைத் திறந்துவிட்டாள். மடத்திலும் நோய் மெல்ல இறங்கியது. மூன்று நான்கு கோழிகள் போயின, மற்றவை தேறின. டாக்டர் அனுப்பிய மாதிரிக்கும் பதில் வந்தது. கொரைசாதான்.

எல்லாவற்றிலும் அழகாகத் தேறியது செஞ்சேவல். வீக்கம் வற்றிக் கண் பளிச்சென்று திறந்துகொண்டது. கொண்டை செக்கச்சிவந்து நிமிர்ந்தது. அது கூவினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதில் கூவல் கேட்டது. தாணுலிங்கம் அதைத் தன் சிறந்த மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் செல்லக்கனியின் சேவலைக் கீரி கடித்துப் போட்டுவிட்டது. சேவல் இல்லாமல் முட்டை உண்டு, குஞ்சு இல்லை. அவள் வருமானத்தில் பெரும்பங்கு குஞ்சுதான்.

அவள் மடத்து வாசலுக்கு வந்து நின்றாள்.

"சாமி, அந்தச் செஞ்சேவலைக் குடுங்க. பெட்டைக எல்லாம் சும்மா திரியுதுக."

தாணுலிங்கத்தின் முகம் மலர்ந்தது. பட்ட கடன் இவ்வளவு எளிதாகத் தீரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"தாராளமாக! இதோ, இப்போதே," என்று கொல்லைக்கு ஓடிச் சேவலை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கீழ விடுங்க, அண்ணாச்சி," என்றார் உலகம்மை.

"அம்மா, செல்லக்கனி கேட்கிறாள்."

"கேட்டுச்சு. கீழ விடுங்க."

அவர் விட்டார். சேவல் இறக்கையை உதறிக்கொண்டு கம்பீரமாக நின்றது.

"குடுக்க முடியாது செல்லக்கனி," என்றார் உலகம்மை.

தாணுலிங்கம் குருவைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாசலில் அப்படி ஒரு சொல் இதற்கு முன் கேட்டதில்லை.

"ஏன்?"

"சீக்கு வந்து தேறின கோழி இது. வெளியே ஒண்ணும் தெரியாது. ஆனா உள்ள வச்சிருக்கும். உன் கோழியோட சேந்து ஒரே சட்டியில தண்ணி குடிச்சா, குடுத்துரும். மாதிரிக்குப் பதில் வந்தப்பவே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாக."

"என்னம்மா பேசுதிய? கண்ணைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. கொண்டையப் பாருங்க. எனக்குக் கோழி தெரியாதா?"

"உனக்குத் தெரியும். இதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட முடியாது. என்னாலயும் முடியல, டாக்டராலயும் முடியல."

"அப்ப ஊருல சளி வந்து தேறின மனுசனையெல்லாம் ஒதுக்கி வச்சிருவியளா?"

"மனுசன் வேற. இது இப்படி."

செல்லக்கனி தாணுலிங்கத்தைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சாமி. நீங்கதான குடுக்கிறேன்னு தூக்கிட்டு வந்திய?"

தாணுலிங்கம் வாயைத் திறந்தார். சொல்லக்கூடிய நியாயங்கள் இரண்டு பக்கமும் அவருக்குத் தெரிந்தன. குனிந்து, சேவல் உதிர்த்த இறகைப் பொறுக்கினார்.

"குடுக்க மனசில்லைன்னா அப்படிச் சொல்லிட்டுப் போங்க," என்றாள் செல்லக்கனி. "சீக்கு மேல பழியைப் போடாதிய."

"வேற எங்க வாங்கினாலும் ஒரு மாசம் தனியா கட்டி வை," என்றார் உலகம்மை.

"உங்க சட்டத்தை உங்க மடத்துல வச்சுக்கிடுங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். போகிற போக்கில் படலை அறைந்து சாத்திய சத்தத்தில் இந்தப் பக்கம் இருந்த கோழிகளும் கலைந்தன.

அடுத்து கொடை வந்தது. மடத்து வாசலில் முள்படல் வைத்துக் கட்டியிருந்தது. கோழியை அணைத்துக்கொண்டு வந்தவர்கள் படலைப் பார்த்துத் திகைத்தார்கள். உலகம்மை படலுக்கு உள்ளே நின்று ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். "இங்க விட்டா இதுக்குச் சீக்கு வந்துரும். உங்க வீட்டுலயே சாமி பேரைச் சொல்லி வளத்துக்கிடுங்க." சிலர் கேட்டுக்கொண்டார்கள். பலர் முகம் சுளித்தார்கள். லாரிக்காரர் மனைவி, தான் விட்ட சேவலால்தான் இவ்வளவும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மடத்துக்கு அனுப்பும் தானியத்தை நிறுத்திவிட்டாள்.

ஊரில் ஒரு பேச்சு உண்டாயிற்று. தாணுலிங்கம் அதைக் கடைத்தெருவில் கேட்டுவிட்டு வந்தார்.

"மடத்துக்கு வாங்கவும் கை இல்லை, கொடுக்கவும் கை இல்லை என்கிறார்கள், அம்மா."

"ம்."

"நமக்கு வழி மூன்று. எல்லாவற்றையும் கொன்றுவிட்டுக் கூண்டைக் கழுவிப் புதிதாகத் தொடங்கலாம்."

"நேர்ந்து விட்டதை அறுக்கக் கூடாது."

"கொடுத்துவிடலாம்."

"கூடாது."

"ஆகவே மூன்றாவது. இப்படியே மூடி வைப்பது. எதுவரை?"

"உள்ள இருக்கிறதுல கடைசிக் கோழி கண்ணை மூடுற வரை."

"கோழி எவ்வளவு காலம் வாழும்?"

"நல்லா கவனிச்சா ரொம்ப நாள் இருக்கும்."

தாணுலிங்கம் கொல்லைப் பக்கம் பார்த்தார். செஞ்சேவல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

"நாம் நன்றாகக் கவனிக்கிறோமே, அம்மா."

"அதான்."

கொடை முடிந்து மழை ஆரம்பித்தது. தானியம் குறைந்ததால் மடத்தில் ஒருவேளைச் சோறு கஞ்சியாயிற்று. அந்தக் கஞ்சியிலும் கோழிக்கு ஒரு பங்கு எடுத்துவைத்தார்கள். எப்போதாவது காலைப் பாடம் கேட்க வந்துகொண்டிருந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். குருவும் சீடனும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஒருநாள் மழை விட்ட காலையில் தாணுலிங்கம் சந்து வாசலிலிருந்து வேகமாக உள்ளே வந்தார். உலகம்மை அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, செல்லக்கனி வீட்டில் புதுச் சேவல் வந்திருக்கிறது. கறுப்பு. எங்கோ வெளியூரில் வாங்கியிருக்கிறாள்."

"சரி."

"கோழிகளோடு விடவில்லை. வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்துக்கும் அப்பால் கட்டிப்போட்டிருக்கிறாள். தனிச் சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறாள்."

உலகம்மையின் கை ஒரு கணம் அரிசிக்குள் நின்றது. "சரி," என்றார்.

"முற்றத்தில் அத்தனை கோழியும் மேய்கின்றன. வெகுநேரம் நின்று கேட்டேன். ஒன்றும் தும்மவில்லை. ஒரு பெட்டை முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது."

"நல்லது."

தாணுலிங்கம் போகாமல் நின்றார்.

"இன்னும் என்ன?"

"என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டும் கொடுக்காத மடம் என்று இன்றும் குழாயடியில் சொல்லியிருக்கிறாள்." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "நாம் கொடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லையே, அம்மா."

உலகம்மை களைந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றினார்.

"தெரியாமலே இருக்கட்டும் அண்ணாச்சி. தெரிஞ்சா, நன்றி சொல்ல முள்படலைத் தாண்டி உள்ள வந்துருவா."